வார்த்தைப்பாட்டுத் தாள்

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி ஏற்காட்டுக்குப் போகிறவர்களுக்கு ஏரி தெரியும், லேடீஸ் சீட் தெரியும், சேர்வராயன் கோயில் தெரியும். காப்பித் தோட்டங்களுக்கும் சில்வர் ஓக் மரங்களுக்கும் பின்னால் எத்தனை மடங்கள் ஒதுங்கியிருக்கின்றன என்பது தெரியாது. கண்ணில் படுவது பள்ளிக்கூடங்கள்தான். 1894-இல் தொடங்கிய சேக்ரட் ஹார்ட் கான்வென்ட், 1917-இல் தொடங்கிய மாண்ட்ஃபோர்ட் பள்ளி. இவற்றை நடத்தும் கத்தோலிக்கத் துறவறச் சபைகளைப் பற்றி ஊரில் யாரைக் கேட்டாலும் பதில் ஒன்றே: "அவங்களா, ஸ்கூல் நடத்துறவங்க."

பதிலில் பொய்யில்லை. ஆனால் அது சபை செய்யும் வேலையைத்தான் சொல்கிறது. சேக்ரட் ஹார்ட் கான்வென்ட்டை நடத்தும் குளூனி சபை 1807-இல் பிரான்சில் ஆன் மரி ஜவூஹே என்ற பெண்மணியால் தொடங்கப்பட்டது. 1827-இலேயே புதுச்சேரிக்கு வந்துவிட்டது. ஏற்காட்டுப் பள்ளிக்கு முன்னும் அது சபைதான். நாளைக்கே பள்ளியை வேறொருவர் கையில் கொடுத்துவிட்டாலும் சபையாகவே இருக்கும். மறுபக்கம், கட்டடம் இருக்கிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள், ரிசல்ட்டும் நன்றாக வருகிறது, ஆனால் வார்த்தைப்பாடு, அதாவது துறவற வாக்கு, கொடுத்தவர் ஒருவர்கூட அந்த வளாகத்தில் இல்லை என்றால் அங்கே நடப்பது ஒரு நல்ல பள்ளி, அவ்வளவுதான். துறவறச் சபை எது என்று கேட்கிறவர்கள் வாசலில் உள்ள போர்டை விட்டுவிட்டு, உள்ளே பீரோவில் இருக்கும் ஒரு தாளைப் பார்க்க வேண்டும்.

அந்தத் தாள் இப்படித்தான் பிறக்கிறது. திருப்பலியில் மறையுரைக்கு முன் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். பயிற்சியில் இருக்கும் நவதுறவி எழுந்து நின்று பதில் சொல்வார். மறையுரை முடிந்ததும் கேள்விகள். பிறகு தலைமைச் சகோதரி அல்லது அவர் அனுப்பிய பிரதிநிதிக்கு முன்னால் முழந்தாளிட்டு ஒரு வாய்பாட்டை வாசிப்பார். பல சபைகளில் அதைச் சொந்தக் கையால் எழுதி வரச் சொல்வார்கள். அச்சடித்த ஃபாரம் ஆகாது. வாசித்து முடித்த தாளைப் பீடத்தின் மேல் வைத்துக் கையெழுத்துப் போடுவார். வாங்கிக்கொண்டவர் போடுவார், சாட்சிகள் போடுவார்கள். ஐந்தாறு வரிதான். அந்த ஐந்தாறு வரியில் ஐந்து விஷயங்கள் கட்டாயம் இருக்கும்: யாருக்குக் கொடுக்கிறேன் (கடவுளுக்கு), எதைக் கொடுக்கிறேன் (கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல்), எந்தச் சபையின் எந்த ஒழுங்குநூலின்படி, யார் கையில், எவ்வளவு காலத்துக்கு.

கடைசிச் சொல்தான் உறவினர் காதில் விழுவதே இல்லை. முதல் வார்த்தைப்பாட்டுக்கே ஊரில் ஃபிளெக்ஸ் வைத்து, பிரியாணி போட்டு, "எங்க பொண்ணு சிஸ்டர் ஆயிட்டா" என்று கல்யாணம்போல் நடத்தி முடித்துவிடுவார்கள். தாளில் பெரும்பாலும் "ஓராண்டுக்கு" என்றுதான் எழுதியிருக்கும். அடுத்த வருடம் அவர் புதுப்பிக்காமல் வீட்டுக்கு வந்தால் அவர் எதையும் முறித்துவிட்டு வரவில்லை; சொன்ன காலம் முடிந்து வந்திருக்கிறார். இதைப் புரிந்துகொள்ளாத ஊரில் அந்தப் பெண் படும் பாட்டுக்கு ஃபிளெக்ஸ் வைத்தவர்களும் ஒரு காரணம்.

அங்கியை வைத்து ஆளைச் சொல்வதும் இந்த மலையில் பலிக்காது. மாண்ட்ஃபோர்ட் பள்ளியை நடத்துகிறவர்கள் புனித கபிரியேல் சகோதரர்கள். வெள்ளை அங்கியில் யாரைப் பார்த்தாலும் "ஃபாதர்" என்று கும்பிடுவது நம் வழக்கம். அவர்கள் பிரதர்கள். ஃபாதராகப் படித்துப் பாதியில் நின்றவர்கள் என்றோ, இனிமேல்தான் ஃபாதர் ஆகப் போகிறவர்கள் என்றோ நினைக்கிறவர்கள் இன்றும் உண்டு. இரண்டும் தவறு. குருத்துவம் என்பது ஒரு திருப்பட்டம். துறவறம் என்பது ஒரு வாழ்க்கை நிலை. ஒருவர் ஒன்றை மட்டும் ஏற்கலாம், இரண்டையும் சேர்த்தும் ஏற்கலாம். பிரதர் துறவி, குரு அல்லர். சிஸ்டரும் அப்படியே. சேசு சபையிலும் சலேசிய சபையிலும் இருக்கிற ஃபாதர் இரண்டும் சேர்ந்தவர். உங்கள் பங்குச் சாமியார் சேலம் மறைமாவட்டத்தைச் சேர்ந்தவர் என்றால் அவர் குரு, ஆனால் துறவி அல்லர். ஆயருக்குக் கீழ்ப்படிவதாகவும் மணமின்றி வாழ்வதாகவும் அவர் வாக்குக் கொடுத்திருக்கிறார். ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுக்கவில்லை. அவர் பெயரில் பைக் இருக்கலாம், அப்பா எழுதி வைத்த நிலம் இருக்கலாம். "சாமியாருக்கு எதுக்கு கார்" என்று கேட்கிறவர் முதலில் எந்தச் சாமியார் என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

இதைவிடப் பெரிய குழப்பம் சேலத்துக் கத்தோலிக்க வரலாற்றிலேயே இருக்கிறது. 1930-இல் சேலம் தனி மறைமாவட்டம் ஆனபோது முதல் ஆயராக வந்தவர் ஹென்றி புரூனியே. பாரீஸ் வெளிநாட்டு மறைபரப்புக் கழகத்தைச் சேர்ந்தவர். 1658-இல் தோன்றிய அந்தக் கழகத்துக் குருக்கள்தான் புதுச்சேரி தொடங்கி இந்தப் பக்கம் முழுக்கக் கோயில் கட்டியவர்கள். தாடியும் அங்கியும் நாடு கடந்து வந்த தியாகமும் பார்த்து நம் பாட்டன்மார் அவர்களைச் சந்நியாசி என்றே எண்ணினார்கள். சட்டப்படி அவர்கள் துறவறச் சபையே அல்ல. வார்த்தைப்பாடு இல்லாமல் ஒரு பணிக்காகச் சேர்ந்து வாழும் குருக்கள் கழகம். இதற்குத் திருச்சபைச் சட்டத்தில் தனி இடம் உண்டு: திருத்தூதுப் பணிக் கழகங்கள். உழைப்பில் எந்தத் துறவிக்கும் குறைந்தவர்கள் இல்லை. ஆனால் நாம் தேடும் தாள் அவர்களிடம் கிடையாது.

இன்னொரு பிரிவினையும் சொல்லிவிட வேண்டும். பழைய வழக்கில் ஆடம்பர வார்த்தைப்பாடு (ஆங்கிலத்தில் solemn vow) கொடுப்பவை பெருஞ்சபைகள்: பெனடிக்டைன், பிரான்சிஸ்கன், டொமினிக்கன், கார்மேல், சேசு சபை. எளிய வார்த்தைப்பாடு கொடுப்பவை பிற்காலச் சபைகள். நம் பக்கத்துச் சிஸ்டர்களில் பெரும்பாலோர் இரண்டாம் வகை. நூற்றாண்டுக் கணக்கில் இவர்களை முழுத் துறவிகளாகவே சட்டம் ஏற்கவில்லை. 1900-இல் பாப்பரசர் பதின்மூன்றாம் சிங்கராயர் (லியோ) வெளியிட்ட ஆணைதான் ஏற்றது. சொத்து விஷயத்தில் இந்த வித்தியாசம் இன்றும் வேலை செய்கிறது, பின்னால் வருகிறேன்.

வகைகளை இன்னும் அடுக்கலாம். அதைவிட முக்கியம் எதைச் சுற்றி வாழ்க்கை ஓடுகிறது என்பது. மடத்துத் துறவி இடத்தைப் பிடித்துக்கொள்கிறவர். ஆறாம் நூற்றாண்டில் பெனடிக்ட் எழுதிய ஒழுங்குநூலில் 73 அத்தியாயங்கள். அதில் புதியவர் கொடுக்கும் வாக்கு மூன்று: இந்த மடத்திலேயே நிலைத்திருப்பேன், என் நடப்பை மாற்றிக்கொள்வேன், கீழ்ப்படிவேன். ஏழ்மையும் கற்பும் இரண்டாவதுக்குள் அடங்கிவிடும். குளித்தலை பக்கம் காவிரிக்கரையில் 1950-இல் தொடங்கிய சாந்திவனம் பின்னாளில் இந்த மரபுக்குள்தான் வந்து சேர்ந்தது. 13-ஆம் நூற்றாண்டில் வந்த பிரான்சிஸ்கன், டொமினிக்கன் துறவிகள் இடத்தை விட்டுத் தெருவுக்கு வந்தார்கள். மடத்துக்கு நிலம் வேண்டாம், இரந்து உண்போம் என்றார்கள். பிரான்சிஸ் எழுதி 1223-இல் ஒப்புதல் பெற்ற நூலில் வெறும் 12 அத்தியாயம். டொமினிக்கன் துறவியின் வார்த்தைப்பாட்டில் கீழ்ப்படிதல் ஒன்றைத்தான் பெயர் சொல்லிக் குறிப்பிடுவார்கள். மற்ற இரண்டும் அதற்குள் இருப்பதாகக் கணக்கு. 1540-இல் வந்த சேசு சபை இன்னும் தளர்த்தியது: குழுவாகக் கூடித் திருப்புகழ்மாலை பாடும் கடமைகூட இல்லை, எங்கே அனுப்பினாலும் போக வேண்டும்.

எங்கே அனுப்பினாலும் என்பதற்கு நம்மூரிலேயே சாட்சி இருக்கிறது. ராபர்ட் தெ நோபிலி மதுரையிலிருந்து கிளம்பி 1623-இல் சேந்தமங்கலம், சேலம் என்று வந்தவர். காவி கட்டிய இத்தாலியர் என்று கதை கதையாகச் சொல்கிறோம். அந்தக் காவியைக் கட்டுவதற்கு முன் தம் சபையின் மாநிலத் தலைவரிடமும் (புரொவின்ஷியல்) கொடுங்கல்லூர் பேராயரிடமும் அனுமதி வாங்கினார் என்பதை விட்டுவிடுகிறோம். பிறகு வழக்கு எழுந்தது, ரோம் வரை போனது, 1623 ஜனவரியில்தான் பாப்பரசரின் தீர்ப்பு அவருக்குச் சாதகமாக வந்தது. உடையை மாற்றியது அவர் துணிச்சல். வழக்கு முடியும்வரை சபைக்குள்ளேயே இருந்து பதில் எழுதிக்கொண்டிருந்தது அவர் வார்த்தைப்பாடு. எனக்கு இரண்டாவதுதான் பெரிதாகப் படுகிறது.

இப்போது நவதுறவகத்துக்கு, வார்த்தைப்பாட்டுக்கு முந்தைய பயிற்சிக்கு, வருவோம். நொவிஷியேட் என்று சொன்னால்தான் சிலருக்குப் புரியும். ஏற்காடு போன்ற மலையை அதற்குத் தேடிப் போவதற்குக் குளிர் மட்டும் காரணமில்லை. வெளி வேலை, படிப்பு, சொந்தக்காரர் வரவு எல்லாம் எட்டாத இடத்தில் ஓராண்டு வைக்க வேண்டும் என்பது திருச்சபைச் சட்டத்தின் நோக்கம். அந்த ஓராண்டில் நவதுறவிக்கு பி.எட். படிக்கவோ பள்ளியில் பாடம் எடுக்கவோ இடமில்லை. பயிற்சிக்கு நேரே உதவாத எந்த வேலையும் கொடுக்கக் கூடாது.

அதற்கு முன் சேர்க்கை. பிளஸ் டூ ரிசல்ட் சமயத்தில் அழைத்தல் முகாம் நடக்கும். வருகிறவர் சில காலம் கேண்டிடேட், பிறகு போஸ்டுலன்ட். இந்தக் கால அளவு சபைக்குச் சபை மாறும். நவதுறவகத்துக்குள் வர 17 வயது முடிந்திருக்க வேண்டும். திருமுழுக்குச் சான்று, உறுதிபூசுதல் சான்று, மணமாகாதவர் என்பதற்கான சான்று மூன்றும் பங்கிலிருந்து வர வேண்டும். மணம் நடந்து அந்தப் பந்தம் நீடித்தால் சேர்க்கையே செல்லாது. வேறொரு சபையில் வார்த்தைப்பாட்டில் இருப்பதை மறைத்தால் செல்லாது. கடன் விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை: தீர்க்க முடியாத கடனோடு வருகிறவரைச் சேர்க்கக் கூடாது என்று சட்டம் தலைவர்களைத் தடுக்கிறது. இன்றைய நிலையில் கடன் என்றால் கல்விக்கடன்தான். நர்சிங் முடித்து லட்சக்கணக்கில் பாக்கியோடு வந்து நிற்கும் பெண்ணை "கடவுள் பார்த்துக்குவார்" என்று சேர்த்துவிட்டு, இரண்டு வருடம் கழித்து வங்கி ஆள் அப்பா வீட்டு வாசலில் நிற்கும்போது விழிப்பது தலைவரின் பிழை. சேரும் முன்பே பாஸ்புக்கையும் கடன் கணக்கையும் கேட்டு வாங்கிப் பார்ப்பதில் எந்த அவமரியாதையும் இல்லை.

நவதுறவகத்துக் காலம் சட்டப்படி குறைந்தது 12 மாதம், அதுவும் அதற்கென்று எழுத்தில் குறிக்கப்பட்ட இல்லத்திலேயே. பொதுவாக இரண்டு ஆண்டைத் தாண்டக் கூடாது; தகுதியில் ஐயம் இருந்தால் ஆறு மாதம் வரை நீட்டலாம். இங்கேதான் நாள் கணக்கு வருகிறது, இங்கேதான் தப்பும் நடக்கிறது. அந்த 12 மாதத்தில் இல்லத்தை விட்டு வெளியே இருந்த நாட்கள் எல்லாம் கூட்டி 15-ஐத் தாண்டினால் அத்தனையையும் ஈடுகட்ட வேண்டும். மூன்று மாதத்தைத் தாண்டினால் நவதுறவகமே செல்லாது, மறுபடி முதலிலிருந்து. தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்பதில்லை, விட்டு விட்டுப் போனதும் சேரும். அக்கா கல்யாணத்துக்கு நான்கு நாள், பாட்டி சாவுக்கு மூன்று நாள், மஞ்சள் காமாலை வந்து சேலத்தில் ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள், எல்லாம் சேர்ந்து 16. யாரும் குறித்து வைக்கவில்லை. விழா நாள் கார்டு அடித்தாயிற்று. முதல் வார்த்தைப்பாட்டை 15 நாள் வரை முன்னதாகக் கொடுக்கலாம் என்று ஒரு சலுகை உண்டு. நாள் கணக்கு தெரியாமல் அந்தச் சலுகையையும் சேர்த்து எடுத்துக்கொண்டால் சிக்கல் இரட்டிப்பாகிறது. நவதுறவகம் செல்லாவிட்டால் அதன்மேல் கொடுத்த வார்த்தைப்பாடும் செல்லாது. ஆகவே நவதுறவிகளுக்குப் பொறுப்பான நல்ல நொவிஸ் மிஸ்ட்ரஸ் கையில் ஜெபப் புத்தகத்தோடு ஒரு நோட்டும் இருக்கும்: தேதி, வெளியே போன நேரம், திரும்பிய நேரம், காரணம். நாற்பது பக்க நோட்டுதான். சட்டச் சிக்கல் வரும் நாளில் சபையைக் காப்பாற்றுவது அதுதான்.

உள்ளே என்ன நடக்கும் என்று கேட்டால் வெளியில் இருப்பவர் எதிர்பார்க்கும் அளவுக்கு ஒன்றும் நடக்காது. விடியுமுன் மணி, மௌன தியானம், காலைப் புகழ், திருப்பலி, கஞ்சியோ உப்புமாவோ, வகுப்பு, தோட்ட வேலை, மாலைப் புகழ், செபமாலை, இரவு மௌனம். பருவத்தில் காப்பிப் பழம் பறிக்க வேண்டும், மிளகு காயவைக்க வேண்டும். மூன்றாவது மாதத்தில் ஒரு சலிப்பு வரும். அழுகை வந்தால் மிஸ்ட்ரஸ் பயப்பட மாட்டார். சலிப்பே வராத ஆளைத்தான் கூர்ந்து பார்ப்பார். எதற்கும் "சரிங்க சிஸ்டர்" என்று சொல்லும் பெண், பாத்திரம் கழுவும் முறையை யார் தட்டிக் கழித்தாலும் தானே எடுத்துச் செய்யும் பெண், கீழ்ப்படிதலில் சிறந்தவள்போலத் தோன்றுவாள். பல நேரம் அவள் பயந்தவள். பயத்தாலோ வற்புறுத்தலாலோ ஏமாற்றாலோ கொடுத்த வார்த்தைப்பாடு செல்லாது என்பதையும் சட்டம் தனியே எழுதி வைத்திருக்கிறது. இன்னொன்று: நவதுறவியின் மனச்சாட்சியைத் திறந்து காட்டும்படி எந்தத் தலைவரும் எந்த வகையிலும் தூண்டக் கூடாது. தானாக வந்து பேசினால் பேசலாம். இந்த விதியை மீறும் இல்லங்களில் கொஞ்ச நாளில் எல்லோரும் ஒரே மாதிரி பேசத் தொடங்கிவிடுவார்கள்.

முதல் வார்த்தைப்பாட்டுக்கு 18 வயது முடிந்திருக்க வேண்டும். அதன்பின் தற்காலிக வார்த்தைப்பாட்டில் குறைந்தது மூன்று ஆண்டு, பொதுவாக ஆறு வரை, நீட்டித்தால் மொத்தம் ஒன்பது. 21 வயதும் மூன்று ஆண்டும் ஆனபின்தான் நிரந்தர வார்த்தைப்பாடு. கூட்டிப் பார்த்தால் பிளஸ் டூ முடித்து வந்தவர் "சாகும்வரை" என்ற சொல்லைத் தாளில் எழுதுவதற்குள் எட்டு, பத்து வருடம் ஓடிவிடும். ராமகிருஷ்ண மடத்திலும் பிரம்மசரிய தீட்சை, பிறகு சந்நியாசம் என்று இப்படித்தான் வருடக்கணக்கில் காக்கவைக்கிறார்கள். அவசரமாகக் காவி கொடுப்பதை எந்த முதிர்ந்த மரபும் விரும்பவில்லை.

மூன்று வாக்கில் வெளியில் அதிகம் பேசப்படுவது கற்பு. உள்ளே அன்றாடம் உரசுவது மற்ற இரண்டும்தான்.

ஏழ்மை என்றால் காசில்லாமல் இருப்பது என்று நினைப்பது எளிது. உண்மையில் அது அனுமதி கேட்டுச் செலவழிப்பது. சிஸ்டர் ஒருவர் சேலம் இறங்கிப் பல் டாக்டரைப் பார்க்க வேண்டும் என்றால் இல்லத் தலைவியான சுப்பீரியரிடம் பணம் வாங்குவார், வந்ததும் பஸ் டிக்கெட் முதல் மாத்திரை பில் வரை எழுதி மீதியைத் திருப்பித் தருவார். ஐம்பது வயதில் ஹெட்மிஸ்ட்ரஸாகக் கோடிக்கணக்கில் வரவு செலவு பார்க்கிறவரும் தன் செருப்புக்கு இப்படித்தான் கேட்க வேண்டும். உழைத்துச் சம்பாதித்ததெல்லாம் சபைக்கு. பென்ஷன், இன்சூரன்ஸ், உதவித்தொகை எது வந்தாலும் சபைக்கு. வீட்டிலிருந்து வந்த சொத்தோ எளிய வார்த்தைப்பாட்டில் வேறு வகை. அதன் உரிமை அவரிடமே இருக்கும். நிர்வாகத்தையும் வருமானத்தையும் முதல் வார்த்தைப்பாட்டுக்கு முன் தனக்கு விருப்பமானவருக்கு ஒப்படைத்துவிட வேண்டும். நிரந்தர வார்த்தைப்பாட்டுக்கு முன் நாட்டுச் சட்டப்படியும் செல்லுபடியாகும் உயில் எழுத வேண்டும். ஆடம்பர வார்த்தைப்பாட்டிலோ சொத்தையே முழுதாகத் துறந்துவிடுவார்கள்.

இது தெரியாமல்தான் வீடுகளில் சண்டை. "நீதான் ஏழ்மை வாக்குக் குடுத்துட்டியே, உனக்கு எதுக்கு பங்கு" என்று அண்ணன் விடுதலைப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு கான்வென்ட் வாசலுக்கு வருவார். அவசரத்தில் சிஸ்டரும் போய் சார்பதிவாளர் ஆபீசில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவார். போடக் கூடாது என்பதில்லை. முன்பு செய்த ஏற்பாட்டை மாற்றத் தலைவரின் அனுமதி வேண்டும். இந்துச் சட்டத்தில் முறைப்படி சந்நியாசம் ஏற்றவர் உலகுக்கு இறந்தவர் ஆகிவிடுவார், பூர்வாசிரமச் சொத்தில் உரிமை போய்விடும். அந்த நினைப்பை அப்படியே சிஸ்டர்மேல் ஏற்றிப் பார்ப்பதால் வரும் வம்பு இது.

அரசாங்கத்தோடும் இதே வம்பு வந்தது. அரசு உதவி பெறும் பள்ளியில் வேலை பார்க்கும் சிஸ்டருக்கோ ஃபாதருக்கோ சம்பளம் அவர் பெயரில் வரும். அப்படியே சபைக்குப் போகும். சொந்தமாக ஒன்றும் இல்லாதவரிடம் வருமான வரி பிடிக்கலாமா? பல பத்தாண்டுகள் பிடிக்கவில்லை. 2014 வாக்கில் பிடிக்கச் சொன்னார்கள். சபைகள் சென்னை உயர்நீதிமன்றம் போயின. 2019-இல் டிவிஷன் பெஞ்ச் வரித்துறை பக்கம் தீர்ப்பளித்தது. 2024 நவம்பரில் உச்சநீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. சம்பளம் யாருக்குக் கிடைக்கிறதோ அவருக்குத்தான் வரி. வாங்கியபின் சபைக்குக் கொடுத்தார் என்பது வருமானத்தை எப்படிச் செலவழித்தார் என்ற கணக்கு. திருச்சபைச் சட்டத்தில் இல்லாமல் போன ஆள் பான் கார்டில் இருக்கிறார். சபைக் கணக்காளர்கள் இதை வருத்தமாகப் பேசுகிறார்கள். என் பார்வையில் தீர்ப்பில் பெரிய தவறில்லை. நாட்டுச் சட்டத்தில் சம்பளத்தையும் பென்ஷனையும் அவர் பெயரில் வாங்க வேண்டும், வரிக்கு மட்டும் அவர் இறந்தவர் ஆக வேண்டும் என்றால் எப்படி?

இந்த இடத்தில் ராமகிருஷ்ண இயக்கம் செய்த ஏற்பாடு கெட்டிக்காரத்தனமானது. சேலத்திலும் அவர்களுக்கு ஆசிரமம் உண்டு. மடம் வேறு, மிஷன் வேறு. துறவிகளின் சங்கம் மடம். 1897-இல் தொடங்கி 1909-இல் பதிவான மிஷன், பள்ளி ஆஸ்பத்திரி போன்ற சேவைக்கானது. ஆட்கள் பெரும்பாலும் அவர்களே, தலைமையும் ஒன்றே. ஆனால் காகிதத்தில் இரண்டும் தனித்தனி. வேலை எது, துறவு எது என்ற கோடு அங்கே கணக்குப் புத்தகத்திலேயே கிழிக்கப்பட்டிருக்கிறது. நம் பக்கத்துச் சிறு சபைகள் பலவற்றில் கான்வென்ட் அரிசியும் ஹாஸ்டல் அரிசியும் ஒரே டிரம்மில்தான் கிடக்கும். ஆடிட்டர் வரும் மாதத்தில்தான் பிரிப்பார்கள்.

கீழ்ப்படிதலுக்கு முகம் கொடுப்பது மே மாதம். டிரான்ஸ்ஃபர் லெட்டர் வரும் மாதம். பதினெட்டு வருடம் ஒரே பள்ளியில் இருந்தவர் ஒரு டிரங்குப் பெட்டியோடு கிளம்ப வேண்டும். காரணம் சொல்ல வேண்டும் என்று கட்டாயமில்லை; நல்ல மாநிலத் தலைவர் கூப்பிட்டுப் பேசிவிட்டுத்தான் எழுதுவார். ஆனால் அந்தத் தலைவரும் நிரந்தரமில்லை. தலைவர்கள் குறிப்பிட்ட காலத்துக்குத்தான் என்பது பொது விதி. சேசு சபைப் பெருந்தலைவர்போல ஆயுள் முழுக்க இருப்பவர் விதிவிலக்கு. நேற்று வரை எல்லோருக்கும் மாற்றல் போட்டவர் இன்று எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்க வந்து, தனக்கு ஜூனியரான சுப்பீரியரிடம் பஸ்ஸுக்குக் காசு கேட்பார். நம் சைவ ஆதீனங்களில் சின்னப்பட்டம் கட்டி வாரிசை நியமித்து, பட்டத்துக்கு வந்தவர் ஆயுள் முழுக்க இருப்பார். அது குருபரம்பரையை மையமாகக் கொண்ட அமைப்பு. சபையின் மையம் ஒழுங்குநூலும், சில வருடங்களுக்கு ஒருமுறை கூடும் பொதுப்பேரவையும். தலைவரையும் அந்த நூல் கட்டும்.

பொதுவாழ்வு பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆயரின் எழுத்துச் சம்மதத்தோடு நிறுவிய இல்லம், அதில் ஒரு சிற்றாலயம், சேர்ந்து ஜெபம், சேர்ந்து சாப்பாடு. மூன்று பேர் மட்டும் இருக்கும் சிறு இல்லங்களில்தான் இது உடைகிறது. ஒருவர் ஹெட்மிஸ்ட்ரஸ், ஒருவர் ஹாஸ்டல் வார்டன், ஒருவருக்கு வயது எழுபத்தைந்து. மாலைப் புகழ் நேரத்தில் ஒருவர் பி.டி.ஏ. மீட்டிங்கில், இன்னொருவர் ஹாஸ்டல் கேட்டில். இரு பக்கமும் மாறி மாறிச் சொல்ல வேண்டிய சங்கீதத்தை (திருப்பாடலை) வயதானவர் தனியாகத் தானே சொல்லி முடிப்பார். இப்படி இரண்டு வருடம் போனால் அந்த வீடு ஸ்டாஃப் குவார்ட்டர்ஸ் ஆகிவிடும், ஒருவரும் தப்புச் செய்யாமலே. ஆளில்லாத ஊரில் பள்ளியைக் கைவிட மனமில்லாமல் இல்லத்தை இழப்பதைவிட, இரண்டு இல்லங்களை ஒன்றாக்குவது மேல் என்று சில சபைகள் இப்போதுதான் யோசிக்கத் தொடங்கியிருக்கின்றன.

வெளியே போவது கடைசி விஷயம். ஐந்து ஆண்டு வரை வெளியே தங்கி யோசிக்க அனுமதி வாங்கலாம். பெருந்தலைவர் ஆலோசனைக் குழுவின் சம்மதத்தோடு தருவார். நிரந்தர வார்த்தைப்பாட்டுக்குப் பிறகு முற்றாக விலக விரும்பினால் மிகப் பெரிய காரணம் சொல்லி எழுத்தில் கேட்க வேண்டும். விலகல் ஆணை கைக்கு வந்து, அவர் அதை மறுக்காவிட்டால் வார்த்தைப்பாட்டிலிருந்து விடுதலை. சொல்லாமல் கொள்ளாமல் 12 மாதம் தொடர்ந்து வெளியே இருந்தால் 2019-இல் வந்த திருத்தத்தின்படி தானாகவே நீக்கம். சபை ஒருவரை நீக்க விரும்பினால் இரண்டு எச்சரிக்கை, இடையில் குறைந்தது 15 நாள், பதில் சொல்ல வாய்ப்பு, குழுவின் இரகசிய வாக்கெடுப்பு. நீக்கப்பட்டவர் மேல்முறையீட்டுக்கு இருந்த 10 நாள் கெடுவை 2023-இல் 30 நாளாக்கினார்கள். அதுவும் அவர் கையில் நகல் கிடைத்து, விஷயம் தெரிந்தால்தான் பயன்படும். நீக்க ஆணையில் மேல்முறையீட்டு உரிமையைக் குறிப்பிடவில்லை என்றால் அந்த ஆணை செல்லாது. இதைத் தெரிந்துவைத்திருக்கும் சிஸ்டர்கள் குறைவு.

விலகுகிறவர் முப்பது வருடம் உழைத்திருந்தாலும் சபையிடம் ஒன்றும் கேட்க உரிமையில்லை. அதே விதியின் இரண்டாம் வரி, சபை அவரிடம் நியாயத்தோடும் அன்போடும் நடக்க வேண்டும் என்கிறது. முதல் வரியை மனப்பாடமாகச் சொல்லும் பொருளாளர்கள் உண்டு. இரண்டாம் வரிக்குத் தொகை கிடையாது என்பதால், ஒருவருக்கு ஆறு மாத வாடகையும் தையல் மெஷினும் கிடைக்கும், இன்னொருவருக்கு ஒரு சேலையும் பஸ் சார்ஜும். நாற்பத்தைந்து வயதில் ஆதாரில் இருக்கும் விலாசம் கான்வென்ட் விலாசம். அதை மாற்றக்கூட இன்னொரு விலாசம் வேண்டும். ஒழுங்குநூலிலேயே குறைந்தபட்சத் தொகை, ஆறு மாதத் தங்குமிடம், சான்றிதழ்களை உடனே திருப்பித் தருவது என்று எழுதி வைத்துவிட்டால் தலைவரின் மனநிலையைப் பொறுத்து இது மாறாது.

பெனடிக்டின் நூலில் 58-ஆம் அத்தியாயம் இதை அன்றே யோசித்திருக்கிறது. புதியவர் மடத்து உடையைப் போட்டுக்கொண்டதும் அவர் வரும்போது உடுத்தியிருந்த பழைய உடையை எறிந்துவிடக் கூடாது. துணி அறையில் மடித்து வைக்க வேண்டும். என்றாவது போக முடிவு செய்தால் மடத்து உடையைக் கழற்றி வாங்கிக்கொண்டு அவரை அனுப்புவார்கள். சொந்தக் கையால் எழுதிப் பீடத்தின் மேல் வைத்த தாளை மட்டும் அவரிடம் திருப்பித் தரமாட்டார்கள். அது மடத்திலேயே இருக்கும்.